கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே

பல்லுக்குக் கேப் போட்டுக்கொண்டவர்கள் யாரும் என்னைப் பார்த்திருக்க வழியில்லை. டாக்டரைப் பார்த்திருப்பார்கள், ரிசப்ஷனில் பணம் வாங்கிப்போடும் பெண்ணைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கேப்பைச் செய்தவன் எங்கோ ஒரு சந்துக்குள், மாடியில், ஃபேன் போட்டால் பவுடர் பறந்துவிடும் என்று வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பான். அந்த ஆள் நான். மதுரையில் டென்டல் லேப் வைத்திருக்கிறேன். சர்டிபிகேட்டில் டென்டல் மெக்கானிக் என்று இருக்கும். 1948-ஆம் வருடத்துப் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே எங்களைப் பதிவு செய்ய இடம் வைத்தார்கள். இருந்தும், 'பல் செட்டு செய்யறவர்' என்று சொன்னால்தான் அக்கம்பக்கத்தில் தெரியும்.

தேனி, திண்டுக்கல், காரைக்குடி, பரமக்குடி என்று பல ஊர் டாக்டர்கள் அளவெடுத்து, டப்பாவில் போட்டு, பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுகளுக்கு எங்கள் பையன் போய் வாங்கி வருவான். டப்பாவைத் திறந்தால் மேல்தாடை அளவு, கீழ்த்தாடை அளவு, கடித்துப் பதித்த பைட், ஒரு ஸ்லிப். ஸ்லிப்பில் பெயர், வயது, எந்தப் பல், என்ன மெட்டீரியல், என்ன ஷேடு. எங்களுக்குத் தெரிந்த நோயாளி அவ்வளவுதான். ஆனால் அளவில் ஸ்டோன் ஊற்றி மாடல் எடுத்துவிட்டால் ஆளைப் பற்றிப் பாதி சொல்லிவிடலாம். ஒரே பக்கமாக மெல்லுகிறவர், ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர், கொட்டைப்பாக்கு மென்று மென்று கடைவாய்ப் பல் மேடெல்லாம் மழுங்கிப்போனவர் என்று எல்லாம் அதில் பதிந்திருக்கும். முகம் மட்டும் தெரியாது.

கேப் போடப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எவ்வளவு ஆகும்? எத்தனை வருஷம் வாரண்டி? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் கேப் எத்தனை வருடம் வாயில் நிற்கும் என்பதை முடிவு செய்கிற விஷயம் இந்த இரண்டு பதிலிலும் வராது. கேப் முடிந்து பல் தொடங்குகிற ஓரம் ஒன்று இருக்கிறது. தொழிலில் அதை மார்ஜின் என்போம். ஈறை ஒட்டி, பல்லைச் சுற்றி வளையம் போல ஓடும். அந்த ஓரம் சரியாக இருந்தால் சாதாரண மெட்டல் கேப்பே காலத்துக்கும் உழைக்கும். அது சரியில்லையென்றால் எந்த விலை கொடுத்த சிர்கோனியா கேப்பும் உதவாது.

ஓரத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், கேப் தேவையா என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் அநேகமாகத் தேவைதான். சொத்தையைத் தோண்டி, வேருக்கு வழி போட்டு, நரம்பை எடுத்த பிறகு பல்லின் நடுப்பகுதி காலியாகிவிடுகிறது. சுற்றுச்சுவர் மட்டும் நிற்கும். மெல்லும்போது விழுகிற பாரம் அந்தச் சுவர்களை வெளிப்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும். மேலிருந்து கவிழ்த்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கேப்பின் வேலை. அமெரிக்காவில் அக்விலினோ, கேப்லன் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ரூட் கேனால் செய்து கேப் போடாமல் விட்ட பற்கள், கேப் போட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகக் கண்டார்கள். 'வலி போயிடுச்சே, கேப்பைப் பொறவு பாத்துக்கலாம்' என்று போகிறவர்களின் பல் இரண்டாகப் பிளந்து, பிடுங்கும் நிலைக்கு வந்த கதை எல்லா டாக்டரிடமும் இருக்கும்.

முன்பல் விஷயம் வேறு. ரூட் கேனால் செய்த முன்பல்லில் பெரிய சேதமில்லை, பின்பக்கத்துத் துவாரம் மட்டும்தான் என்றால், அதை அடைத்துவிட்டாலே போதும் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற டாக்டரை நம்புங்கள், அவர் தன் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு பேசுகிறார். ரூட் கேனால் இல்லாத, உயிருள்ள பல்லை அழகுக்காக மட்டும் ராவிக் கேப் போடச் சொல்பவர்களிடம் இரண்டு தடவை யோசியுங்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. ராவிய பல்லுக்குள் நரம்பு சில வருடம் கழித்துச் செத்து, அப்புறம் ரூட் கேனால் தேவைப்படுவதும் உண்டு.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: கேப்பைத் தாங்குமளவு பல் மிச்சம் இருக்கிறதா? ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது சொந்தப் பல் நிற்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சில கேஸ்களில் மாடலில் பார்த்தால் பல்லே இருக்காது, வேருக்குள் போஸ்ட் என்ற குச்சியைக் குத்தி அதன் மேல் கட்டிய சிமெண்ட் மேடுதான் இருக்கும். அதற்கும் கேப் செய்து அனுப்புகிறோம். பிடிப்பு சிமெண்டில்தான், பல்லில் இல்லை. ஒருநாள் கேப், போஸ்ட், மேடு எல்லாம் ஒன்றாகக் கையில் வரும்.

இப்போது ஓரத்துக்கு வருகிறேன்.

டாக்டர் பல்லை ராவும்போது சுற்றிலும் ஒரு சின்னப் படி வெட்டுகிறார். கேப் வந்து உட்கார வேண்டிய படி அது. கேப்புக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்று 1971-இல் மக்லீன், ஃபான் ஃப்ரான்ஹோஃபர் இருவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளைப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார்கள்: 120 மைக்ரானுக்குள். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இன்றுவரை தொழிலில் அதுதான் எல்லைக்கோடு. அதற்கு மேல் இடைவெளி இருந்தால் ஒட்டிய சிமெண்ட் எச்சிலில் கரையும், சந்துக்குள் கிருமி குடியேறும், உள்ளே பல் சொத்தையாகும். வெளியே கேப் பளபளவென்று நிற்கும். நரம்பு எடுத்த பல்லாக இருந்தால் வலியும் தெரியாது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

அந்தப் படி அளவில் தெளிவாகப் பதிந்திருக்கிறதா என்பதுதான், டப்பாவைத் திறந்ததும் நாங்கள் லூப் போட்டுப் பார்க்கிற முதல் விஷயம். கேப்புக்கான அளவைச் சிலிக்கான் பொருளில் எடுப்பார்கள். முதலில் மாவு மாதிரி புட்டி, மேலே ஓடுகிற லைட் பாடி. ஈறு படியை மூடிக்கொண்டிருந்தால், மெல்லிய நூல் ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே செருகி, ஈறை விலக்கிவிட்டு அளவெடுக்க வேண்டும். கார்டு வைப்பது என்பார்கள். ஐந்து பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும், நோயாளிக்குக் கொஞ்சம் உறுத்தும். இதைத் தவிர்த்து அவசரமாக எடுத்த அளவில் ஓரம் இழுபட்டிருக்கும், இல்லையென்றால் ரத்தமோ எச்சிலோ நின்ற இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழுக்குள் படி எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. உத்தேசமாகக் கோடு போட வேண்டியதுதான்.

அப்போது போனை எடுப்பேன்.

"டாக்டர், அந்த முப்பத்தாறாம் நம்பர் பல் கேஸ், நாக்குப் பக்கம் மார்ஜின் வரலை."

"அண்ணே, பேஷண்ட் திங்கட்கிழமை வர்றாரு. எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிடுங்க."

"அட்ஜஸ்ட் பண்ணினா ஒரு வருஷம்தான் டாக்டர் நிக்கும். இன்னொரு அளவு எடுத்து அனுப்பிடுங்க."

நல்ல டாக்டர்கள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் தெரியும். சிக்கல் எங்கே என்றால், நோயாளியை மறுபடி வரச் சொல்ல வேண்டும். 'போன தடவை எடுத்தது சரியில்லையா? வேலை தெரியாத டாக்டரா இருப்பாரோ?' என்று நோயாளி முகம் சுளிப்பார். அந்தப் பயத்தில்தான் பாதி 'அட்ஜஸ்ட்மெண்ட்' நடக்கிறது. ஆகவே உங்களை இரண்டாம் முறை அளவெடுக்கக் கூப்பிட்டால் கோபப்படாமல் போய் உட்காருங்கள். உங்கள் வேலையை லேபில் ஒருவன் லூப் வைத்துப் பார்த்திருக்கிறான், டாக்டரும் அவன் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது வாய்க்குள் ஸ்கேனரை விட்டுப் படம் பிடித்து ஃபைலாகவே அனுப்புகிற கிளினிக்குகள் பெருகிவிட்டன. வாயில் அச்சுத் தட்டை வைத்தாலே குமட்டுகிறவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் ஸ்கேனரும் வெளிச்சம் படுகிற இடத்தைத்தான் பார்க்கும். ரத்தத்துக்குக் கீழே இருக்கிற படி அதற்கும் தெரியாது. ஈறு வீங்கி ரத்தம் கசிகிற வாயில் எந்த முறையில் அளவெடுத்தாலும் அளவு கெடும். முதலில் கிளீனிங் செய்து, ஈறு ஆறட்டும், அப்புறம் அளவெடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் அது இழுத்தடிப்பு இல்லை.

ராவுகிற அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'டாக்டர், கம்மியா ராவுங்க' என்று நோயாளிகள் கெஞ்சுவது இயல்பு. ஆனால் கேப்புக்கும் கனம் வேண்டுமே! கடிக்கிற பக்கத்தில் முழு மெட்டலுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் போதும். மெட்டலுக்கு மேல் பீங்கான் ஏற்றிய கேப்புக்கு 2 மில்லிமீட்டர் வரை இடம் வேண்டும், ஏனென்றால் கீழே உலோகம், அதன் கறுப்பை மறைக்க ஒபேக் பூச்சு, அதற்கு மேல் பல் நிறம் என்று மூன்று அடுக்கு ஏற வேண்டும். இடம் கொடுக்காமல் அனுப்பினால் எங்களுக்கு இரண்டே வழி. பீங்கானை மெலிசாக்கினால் ஒபேக் வெள்ளை பளிச்சென்று அடிக்கும், செத்த பல் மாதிரி இருக்கும். கனமாக்கினால் பல் குண்டாகி ஈறை அழுத்தும், அல்லது கடிக்கும்போது உயரமாக இடிக்கும். தெருவில் போகிற ஒருவர் சிரித்தால், 'இது கேப்' என்று சட்டென்று தெரிகிறதே, அதில் பாதிக்குக் காரணம் பல்லில் இடம் விடாததுதான்.

செய்கிற முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெட்டல் கேப் என்பது சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகம் வார்க்கிற அதே வழிதான். மாடலின் மேல் மெழுகில் பல்லைச் செதுக்குவோம், மெழுகுக் காம்பு வைப்போம், சுற்றிலும் சூடு தாங்கும் கலவையை ஊற்றி இறுகவிட்டு, அடுப்பில் வைத்து மெழுகை உருக்கி ஓட்டுவோம். மெழுகு இருந்த வெற்றிடத்துக்குள் உருகிய உலோகத்தைச் சுழற்றி அடிப்போம். சிலைக்கு ஆயிரக்கணக்கான வருடப் பழக்கம் இருந்தும், துல்லியமான பல் வேலைக்கு இந்த முறையைத் தொழில் முழுக்க ஏற்றுக்கொண்டது 1907-இல் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தன் வார்ப்பு இயந்திரத்தைக் காட்டிய பிறகுதான். உலோகத்தின் மேல் பீங்கான் உடையாமல் ஒட்டுகிற வித்தைக்கான காப்புரிமைகள் 1962-இல் வந்தன. அதற்குப் பின் ஒரு தலைமுறைக்கு உலகமெங்கும் கேப் என்றால் அதுதான். சூரிக்கில் மோர்மன், பிராண்டெஸ்டினி இருவரும் 1985-இல் கம்ப்யூட்டரில் வடிவமைத்து நாற்காலிப் பக்கத்திலேயே கடைந்து எடுத்த பீங்கான் துண்டை நோயாளியின் பல்லில் வைத்ததில் இன்றைய மில்லிங் யுகம் தொடங்கியது.

சிர்கோனியா அந்த வழியில் வந்ததுதான். சாக்பீஸ் மாதிரி மெத்தென்று இருக்கிற வட்டத்தட்டிலிருந்து மெஷின் கேப்பைக் கடையும். கடைந்ததும் பார்த்தால் பூதத்தின் பல் மாதிரி இருக்கும், தேவையான அளவைவிட 20, 25 சதவீதம் பெரிது. 1500 டிகிரிக்குப் பக்கத்தில் ஃபர்னஸில் பல மணி நேரம் வேகும்போது சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். சாயங்காலம் வைத்தால் காலையில் எடுக்கலாம். இந்தச் சுடுதலைக் குறுக்குகிற வேக முறைகளும் இருக்கின்றன, எல்லா வகைத் தட்டுக்கும் அவை ஒத்துவராது. 'நாளைக்கு முகூர்த்தம், இன்னைக்கே வேணும்' என்று ஆவணியிலும் தை மாதத்திலும் போன் வரும்போது நாங்கள் முனகுவதற்குக் காரணம் இதுதான்.

எந்த மெட்டீரியல் நல்லது? என் கருத்தைச் சொல்கிறேன். சிரித்தால் தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு முழு மெட்டல் கேப் இன்றைக்கும் நல்ல வேலை. பல்லை அதிகம் ராவ வேண்டாம், உடையாது, ஓரம் அழகாக உட்காரும், விலையும் குறைவு. தங்க அலாய் அதைவிடச் சிறப்பு, எதிர்ப்பல்லைத் தேய்க்காது, ஆனால் இன்றைய தங்க விலையில் யார் கேட்கிறார்கள்! இந்த மெட்டல் கேப்பைக் காசில்லாதவர்களுக்கானது என்று ஒதுக்கிவிட்டார்கள், அது எனக்கு வருத்தம்தான். ஒரு எச்சரிக்கை: சாதாரண மெட்டல் கேப்களில் பல நிக்கல் கலந்தவை. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிக்கல் இல்லாத கோபால்ட் குரோமியமோ, உலோகமே இல்லாத கேப்போ போடலாம். மலிவு லேப்களில் போன தடவை வார்த்து மிஞ்சிய உலோகத்தையே திரும்பத் திரும்ப உருக்குகிற வழக்கமும் இருக்கிறது. பாதியாவது புது உலோகம் சேர்க்க வேண்டும் என்பது தொழில் ஒழுக்கம். அடிமாட்டு விலைக்குக் கேப் கிடைக்கிறதென்றால், அந்த விலை எங்காவது குறைக்கப்பட்டிருக்கும்.

மெட்டல் மேல் பீங்கான் ஏற்றியது பொறுப்பான நடுவழி. சில வருடத்தில் ஈறு கொஞ்சம் இறங்கினால் ஓரத்தில் சாம்பல் கோடு தெரியும், முன்பல்லில் அது கண்ணை உறுத்தும். பீங்கான் துணுக்கு பெயர்வதும் உண்டு. முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் அழகில் மிஞ்ச ஆளில்லாதது, வெளிச்சம் உள்ளே போய் வரும், பல்லுக்கு உயிர் இருப்பது போலத் தெரியும். சிர்கோனியா பலத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சிர்கோனியாவில் எல்லாம் ஒன்றல்ல. முன்பல்லுக்கென்று ஒளி ஊடுருவும்படி செய்த வகைகள் பலத்தில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். 'சிர்கோனியா' என்று கேட்டுவிட்டு நிறுத்தாமல், 'இந்த இடத்துக்கு எந்த வகை டாக்டர்?' என்றும் கேளுங்கள். அதோடு, ஒட்டும் நாளில் டாக்டர் கேப்பின் மேல் எங்காவது ராவினால், அந்த இடத்தைத் திரும்ப வழவழவென்று பாலிஷ் செய்யச் சொல்லுங்கள். பாலிஷ் செய்த சிர்கோனியா எதிர்ப்பல்லுக்குச் சாது. சொரசொரப்பாக விட்டால் அரம்.

வாரண்டி கார்டுக்கு வருகிறேன். பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று கார்டு கொடுக்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கார்டு பொதுவாகக் காப்பது கேப்பை. கேப் உடைந்தால் புதிதாகச் செய்து தருவோம். உள்ளே பல் சொத்தையானால், ஈறு கெட்டால், அதற்கு எந்த லேபும் பொறுப்பேற்காது. என் அனுபவத்தில் திரும்பி வருகிற சிர்கோனியா கேப்களில் உடைந்து வருவது அபூர்வம். முழுசாக, கீறல்கூட இல்லாமல் வரும். உள்ளே இருந்த பல்தான் காணாமல் போயிருக்கும். கார்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அதில் மெட்டீரியலின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

கலர் என்பது தனி உலகம். ஷேடு கைடில் பதினாறு பல் துண்டுகள், ஏ1 முதல் டி4 வரை. ஏ வரிசை சிவப்பு கலந்த பழுப்பு, பி மஞ்சள் சாயல், சி சாம்பல், டி சிவப்புச் சாம்பல். நம் ஊர் வாய்களில் ஏ2, ஏ3, ஏ3.5 தான் எனக்கு அதிகம் வரும். ஆனால் கல்யாண சீசனில் பாருங்கள், எல்லா ஸ்லிப்பிலும் ஏ1. பக்கத்துப் பற்கள் ஏ3 ஆக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் ஏ1 வைத்தால் கல்யாண ஆல்பத்தில் அந்த ஒரு பல்தான் தெரியும். வெள்ளையாக வேண்டுமென்றால் முதலில் மற்ற பற்களைப் பிளீச் செய்து, இரண்டு வாரம் விட்டு, நிறம் நிலைத்த பிறகு கேப்புக்கு ஷேடு எடுக்க வேண்டும். போட்ட கேப் எந்தப் பிளீச்சிங்குக்கும் வெளுக்காது. முதலில் கேப், அப்புறம் பிளீச் என்று மாற்றினால் செலவு இரட்டிப்பு.

ஷேடு பார்க்கும் நேரமும் முக்கியம். பல்லை ராவி முடித்து, வாயைத் திறந்தே வைத்திருந்த பிறகு பார்த்தால், பல் உலர்ந்து உண்மையைவிட வெளுப்பாகத் தெரியும். வந்து உட்கார்ந்த உடனே, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், லிப்ஸ்டிக் இல்லாமல் பார்க்க வேண்டும். தர்மபுரிப் பக்கத்து ஆள் ஒருவருக்கு முன்பல் கேப் வந்தது. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பற்களில் சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். ஸ்லிப்பில் 'ஏ3' என்று மட்டும் எழுதியிருந்தது. நல்லவேளை, டாக்டர் போட்டோவும் அனுப்பியிருந்தார். பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து, ஸ்டெயின் தொட்டு, வெள்ளைத் திட்டும் பழுப்புக் கீற்றும் வைத்தோம். இல்லையென்றால் மாசற்ற ஒரு பல் அந்த வாயில் அந்நியனாக நின்றிருக்கும். முன்பல் வேலை என்றால், 'லேபுக்கு என் பல்லைப் போட்டோ எடுத்து அனுப்புங்க டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள்.

அளவெடுத்த பிறகு கேப் வருகிறவரை ராவிய பல்லின் மேல் தற்காலிகக் கேப் வைப்பார்கள். அதைச் சும்மா ஒப்புக்கு என்று நினைக்காதீர்கள். பக்கத்துப் பல்லும் எதிர்ப்பல்லும் காலியிடத்தைக் கண்டால் நகரும். கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய் தின்று அது கழன்றுவிட்டால் அன்றைக்கே போன் செய்யுங்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வந்து, பல்லை ராவி அளவு கொடுத்துவிட்டு, டிக்கெட் தேதி வந்ததும் கேப்பை வாங்காமல் கிளம்பி, அடுத்த லீவில் வந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய கேப் பெரும்பாலும் உட்காராது. லீவு குறைவு என்றால் ஊருக்கு வந்த முதல் வாரமே டாக்டரைப் பாருங்கள், கடைசி வாரம் வேண்டாம்.

ஒட்டுகிற நாளில் நோயாளி செய்கிற பெரிய தவறு, மரியாதைக்காகத் தலையாட்டுவது. 'எப்படி இருக்கு?' என்று டாக்டர் கேட்பார். கண்ணாடியில் ஒரு பார்வை, 'நல்லாருக்கு டாக்டர்'. நிரந்தர சிமெண்ட் போட்ட பிறகு கேப்பைச் சேதமில்லாமல் எடுப்பது கடினம், அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் நிதானமாகப் பாருங்கள். கடித்தால் மற்ற பற்கள் முன்போல் சேர்கின்றனவா, இது மட்டும் முதலில் இடிக்கிறதா? பக்கத்துப் பல்லுக்கு நடுவில் ஃப்ளாஸ் நூல் கொஞ்சம் இறுக்கமாகப் போய் வர வேண்டும். தாராளமாகப் போனால் சாப்பிடும்போது கறித் துணுக்கும் கீரையும் அங்கே சிக்கி ஈறைக் கெடுக்கும். 'ரெண்டு நாள்ல பழகிடும்' என்ற வார்த்தை நாக்குக்குப் புதிதாகத் தெரிகிற வடிவத்துக்குப் பொருந்தும். உயரமாக இடிப்பதற்குப் பொருந்தாது. மரத்துப்போன வாயில் கடி சரியாகத் தெரியாது. வீட்டுக்குப் போய் உணர்வு திரும்பி, மறுநாள் இடிக்கிறது என்றால் கூச்சப்படாமல் திரும்பப் போங்கள். கார்பன் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்லி இரண்டு நிமிஷத்தில் சரி செய்துவிடுவார்கள்.

முன்பல் என்றால் மெருகு ஏற்றுவதற்கு முந்தைய நிலையில் ஒரு டிரையல் கேளுங்கள். கூட ஒரு நாள் அலைச்சல்தான். வடிவம் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் மாற்றுவது எங்களுக்கும் சுலபம்.

பிரிட்ஜ் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நடுவில் இல்லாத ஒரு பல்லுக்காக இரண்டு பக்கத்துப் பற்களை ராவுகிற வேலை அது. அந்த இரண்டும் ஏற்கெனவே அடைத்த, உடைந்த பற்களாக இருந்தால் சரி. இரண்டும் சொத்தையே காணாத நல்ல பற்கள் என்றால், இம்ப்ளாண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

போட்ட பிறகு? கேப்புக்குச் சொத்தை வராது, கேப்புக்குக் கீழே இருக்கிற பல்லுக்கு வரும். பிரஷ்ஷை ஈறும் கேப்பும் சேர்கிற அந்த ஓரத்தில் சாய்த்துத் தேய்க்க வேண்டும். பல் சந்துக்கென்றே சின்ன பிரஷ்கள் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கின்றன. முறுக்கு, தட்டை, கரும்பு எல்லாம் சாப்பிடலாம், ஆனால் நல்லி எலும்பைக் கடித்து உடைப்பதும் சோடா மூடியைப் பல்லால் திறப்பதும் வேண்டாம், சொந்தப் பல்லே தாங்காத வேலை அது. தூக்கத்தில் பல் கடிக்கிறவர்கள் இரவில் மாட்டிக்கொள்ள நைட் கார்டு கேளுங்கள். அதையும் நாங்கள்தான் செய்கிறோம், கேப்பின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. டாக்டர் சொல்கிற இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், ஓரத்துக்குள் நடப்பது கண்ணாடியில் தெரியாது.

கேப் கழன்று கையில் வந்தால் பயப்பட வேண்டாம். அதைத் தூக்கி எறியாதீர்கள், கடையில் விற்கிற பசையை வைத்து நீங்களே ஒட்டவும் ஒட்டாதீர்கள். அது கோணலாக உட்கார்ந்து இறுகிவிட்டால் பல்லையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டிவரும். கழுவி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் கொண்டுபோங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதே கேப்பைத் திரும்ப ஒட்டிவிடலாம், புதிது செய்ய வேண்டியதில்லை.